அத்தானின் காலடிச் சத்தம்

கட்டூமா, ரொடீஷியா
12 மார்ச் 1972

அன்புள்ள எரினா அக்காவுக்கு,

நம் ஊர் வழக்கப்படியே கேட்கிறேன்: நல்லபடியாக எழுந்தாயா? நீ எழுந்திருந்தால் நானும் எழுந்திருக்கிறேன். அம்மா நலம். மழையோடு வந்த முழங்கால் வலி மட்டும் மழையோடு போகவில்லை. ரயிலில் கார்டாக இருக்கும் நம் மாமா இந்தக் கடிதத்தை எல்லைக்கு அப்பால் பிரான்சிஸ்டவுனில் தபாலில் போடுவார். இங்கிருந்து நேரே லுசாகாவுக்கு அனுப்பினால் எவனாவது பிரித்துப் படிப்பான்.

புலவாயோவில் நடந்த போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தேன். எங்கள் பஞ்சாலையின் விளையாட்டுச் செயலர் பிரின்ஸ்லூ தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். "சாமு! மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸுக்கு நம்மள உள்ள விடல. இந்த வருஷம் ஜெர்மனிக்காரன் விடுவான். போறோம்டா!" என்றார். ஒரு வெள்ளைக்காரர் என்னையும் சேர்த்து 'போறோம்' என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

இன்னொரு விஷயம். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. காலையில் ரயில் பாதை ஓரமாக ஓடும்போது பின்னால் காலடி கேட்கிறது. திரும்பினால் யாரும் இல்லை. ஒரு கால் அழுத்தமாக விழுகிறது, மற்றது லேசாகத் தேய்கிறது. போலீஸ்காரர்கள் காலை உடைத்த பிறகு அத்தான் அப்படித்தான் நடந்தார். அப்படியேதான் என்னோடு ஓடவும் செய்தார். அப்போதும் நான் அவரை ஜெயித்ததில்லை. வெள்ளை அரசை எதிர்த்தார் என்று அவரைத் தூக்கில் போட்டு நாலு வருஷம் ஆகப்போகிறது. உடலைத் தரவில்லை. சிறைச் சுவருக்குள் எந்த மூலையில் புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. அதனால் கேழ்வரகுக் கள் ஊறவைத்து அவர் ஆவியை வீட்டுக்கு அழைத்து வரும் சடங்கும் நடக்கவில்லை. போக்கிடம் தெரியாமல் என் பின்னால் வருகிறாரோ என்னவோ. எனக்குப் பயமாக இல்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் தம்பி,
சாமுனோர்வா


லுசாகா, ஸாம்பியா
20 ஏப்ரல் 1972

அன்புத் தம்பி சாமுவுக்கு,

நான் எழுந்தேன், நீ எழுந்திருந்தால். அம்மாவின் முழங்காலுக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடு. இங்கே குழந்தைகள் வார்டில் அம்மை பரவுகிறது. ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள்.

நீ ஜெயித்ததைப் படித்துவிட்டு வார்டில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மற்ற நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஜெர்மனிக்குப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னை எதற்காகக் கூட்டிப் போகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? 'பாருங்கள், எங்கள் கறுப்பர்கள் எங்களோடு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று உலகத்துக்குக் காட்டத்தான். கடை ஜன்னலில் சட்டை மாட்டி நிற்க வைக்கும் பொம்மையாகவா நீ போக வேண்டும்?

காதில் சத்தம் கேட்பதாக எழுதியிருந்தாய். இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் அப்படிக் கேட்கும். கீரை நிறையச் சாப்பிடு.

உன் அக்கா,
எரினா


கட்டூமா
18 ஜூன் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

எழுந்தாயா? நாங்கள் எழுந்தோம். அம்மாவுக்கு மணல் ஒத்தடம் கேட்கிறது. வார்டில் அம்மை குறைந்ததா?

என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் போகிறேன். கோபப்படாமல் மேலே படி. இந்த வெள்ளை அரசின் புதுக் கொடி அங்கே கிடையாதாம். முன்பு டோக்கியோவுக்குக் கொண்டுபோன பழைய நீலக் கொடியும் இங்கிலாந்து ராணியின் பாட்டும்தானாம். அது என்ன பெரிய வித்தியாசம் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்கு இருபத்துமூன்று வயது, அக்கா. நம் விடுதலைச் சண்டை முடியும்வரை இந்தக் கால்கள் காத்திருக்குமா?

கள்ளுக்கடையில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏண்டா சாமு, வெள்ளைக்காரன் துப்பாக்கி சுட்டதும் ஓடுறதுக்கு ஜெர்மனி வரைக்குமா போகணும்? அதைத்தான் இங்கயே தினம் செஞ்சுட்டிருக்கோமே!" என்றான் ஒருவன். கடையே உருண்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அது வலித்தது.

பச்சைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதை ஈரத் துணி போட்டு, மூச்சுவிடாமல் இஸ்திரி போடுகிறாள்.

கீரை சாப்பிடுகிறேன். காலடி நிற்கவில்லை. அத்தானுக்கு என் மேல் கோபமென்றால் கூடவே ஓடி வருவாரா? நீயே சொல்.

சாமு


லுசாகா
27 ஜூலை 1972

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமும் அம்மா நலமும் வேண்டும். அம்மை குறைந்துவிட்டது. இங்கே இப்போது காலையில் நல்ல குளிர்.

ஓட்டத்தைப் பற்றி நான் இனி எதுவும் எழுதப் போவதில்லை. ஜெர்மனியில் ராத்திரி குளிரும் என்கிறார்கள். கழுத்தை நன்றாக மூடிக்கொள்.

எரினா


ஒலிம்பிக் கிராமம், மியூனிக்
17 ஆகஸ்ட் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ எழுந்தாயா? இந்த ஊரில் பொழுது சாயவே மறுக்கிறது. அதனால் எழுந்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம்.

சாப்பாட்டுக் கூடத்தில் பால் குழாயில் வருகிறது, தண்ணீரைப் போல. இறைச்சி மலை மலையாக இருக்கிறது. சட்ஸாக் களிதான் இல்லை. அதில்லாமல் எவ்வளவு தின்றாலும் வயிறு 'இன்னும் எதுவும் வரலியே' என்கிறது. முதல் நாள் எத்தியோப்பியர்களும் கென்யர்களும் இருந்த மேஜையில் தட்டோடு போய் உட்கார்ந்தேன். என் கோட்டில் இருந்த சின்னத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கிமையோ என்ற கென்யக்காரன் மட்டும் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனும் ஐயாயிரம் மீட்டர்க்காரன்தான்.

நான் வெள்ளைக்காரர்களின் மேஜைக்குப் போனேன். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அங்கே உட்காருவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பயிற்சி மைதானத்தில் சிவப்பு ரப்பர் தரை. அதில் என் காலடியே எனக்குக் கேட்பதில்லை. ஆனால் அவர் காலடி கேட்கிறது. கடல் தாண்டி வந்திருக்கிறார், அக்கா. நேற்று அவர் என்னை நெருக்கி நெருக்கி ஓட வைத்ததில், இதுவரை ஓடாத வேகத்தில் ஓடினேன். பிரின்ஸ்லூ கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

கழுத்தை மூடிக்கொள்கிறேன். எல்லாம் நல்லபடியாகப் போகிறது.

சாமு


மியூனிக்
24 ஆகஸ்ட் 1972

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்குச் செய்தி தெரிந்திருக்கும்.

ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் சேர்ந்து, 'ரொடீஷியா இருந்தால் நாங்கள் இல்லை' என்று சொல்லிவிட்டன. அமெரிக்கக் கறுப்பர்களும் அவர்கள் பக்கம். ஒலிம்பிக் குழுப் பெரியவர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். பிரின்ஸ்லூ எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, "நம்மள வெளிய போகச் சொல்லிட்டாங்க. பெட்டியக் கட்டுங்க," என்றார். அவ்வளவுதான். நீச்சல்காரப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். படகோட்டும் பையன் ஒருவன் என் பக்கம் திரும்பினான்.

"உன் ஆளுங்கதானே செஞ்சாங்க? சந்தோஷமா இப்போ?"

"நானும் உங்கூடத்தானே பெட்டி கட்டுறேன்?" என்றேன்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். கிமையோ நின்றான். உள்ளே வரவில்லை.

"உன்னோட ஓடிப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா உன்னைத் திருப்பி அனுப்பணும்னு எழுதின தாள்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதை நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"புரியுது."

"நெஜமாவே புரியுதா?"

"இல்ல," என்றேன். அவன் சிரித்துவிட்டான். நானும்.

"சரி வா, ஓடலாம்," என்றான்.

ஆள் இல்லாத பயிற்சி மைதானத்தில் இரண்டு பேரும் ஓடினோம். கடிகாரம் இல்லை, கொடி இல்லை. சுற்றுகளை நாங்கள் எண்ணவில்லை. ஜெயித்தது யார் என்று கேட்காதே. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓடினேன். என் மூச்சும் கிமையோவின் மூச்சும்தான் கேட்டன.

அத்தான் வரவில்லை, அக்கா.

சாமு


கட்டூமா
11 பிப்ரவரி 1973

எரினா அக்காவுக்கு,

எழுந்தாயா? உன் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் போடாததற்கு உடம்பு காரணமில்லை. அம்மாவும் நடமாடுகிறாள். ஸாம்பியா எல்லையை மூடிவிட்டார்கள். இனி பிரான்சிஸ்டவுன் வழியும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்கிறார் மாமா.

நான் இப்போது ஓடுவதில்லை. பஞ்சாலையில் நூல் சுற்றும் பகுதியில் நிற்கிறேன். நாங்கள் இருந்த அந்த ஒலிம்பிக் கிராமத்துக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து இஸ்ரேல் விளையாட்டு வீரர்களைக் கொன்ற செய்தி வந்த அன்று பிரின்ஸ்லூ, "நல்ல வேளை, கிளம்பிட்டோம்," என்றார். ரயில் பாதை பக்கம் போய்ப் பார்த்தேன். காலடி இல்லை. அத்தான் என்னை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்றுதான் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமலே உனக்கு இத்தனை கடிதம் எழுதிவிட்டேன். போன ஜூலையில் ஒருநாள் வீட்டில் லுசாகா வானொலியைத் தாழ வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் மனைவி பேசுகிறார் என்றார்கள். பெயர் சொல்லவில்லை. "எம் புருஷன் கழுத்துல கயிறு போட்டவங்க பேரச் சொல்லி யாரும் ஓடக் கூடாது. எங்கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி, அவனையும் திருப்பி அனுப்புங்க," என்றாள் அந்தப் பெண். உன் குரல் எனக்குத் தெரியாதா? அம்மாவுக்குத் தெரியாதா? அம்மா எழுந்து வானொலியை நிறுத்தினாள். என் கோட்டுக்கு மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து உன் பெயரை அவள் வாயில் எடுக்கவில்லை.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

சாமு


லுசாகா
29 ஏப்ரல் 1973

என் தம்பி சாமுவுக்கு,

நீ எழுந்தால்தான் நான் எழுவேன். அதனால் எழுந்திரு.

வானொலியில் பேசியது நான்தான். நாளைக்கு மறுபடி கூப்பிட்டாலும் அதையேதான் பேசுவேன். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் நடந்த அன்று எனக்கு வார்டில் வேலை. லண்டன் வானொலியில் பெயர்களை வாசித்தார்கள். உன் பெயர் வராது என்று தெரியும். வர விடாமல் செய்ததில் என் குரலுக்கும் பங்கு உண்டு என்று தெரியும். இருந்தும் கடைசிப் பெயர் வரைக்கும் வானொலிப் பெட்டியில் காதை வைத்து நின்றேன். ஒரு குழந்தையின் வாயில் வைத்த வெப்பமானியை எடுக்க மறந்துவிட்டேன். அது கடித்து உடைத்துவிட்டது. கண்ணாடியைத் தோண்டி எடுக்கும்போது குழந்தை அழவில்லை. நான்தான் அழுதேன்.

கோபப்படு. ஆனால் எழுதிக் கோபப்படு. அம்மாவிடம் ஒரு தடவை என் பெயரைச் சொல்லிப் பார்.

அன்றைக்குக் கீரை சாப்பிடு என்று எழுதினேனே, அது படித்த நர்ஸின் பதில். அந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து நானும் காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஏன் உன்னிடம் மட்டும் வந்தார்? அவர் மறுபடி வந்தால் எனக்குச் சொல்.

எரினா


கட்டூமா, ஸிம்பாப்வே
8 ஜூன் 1980

அன்புள்ள எரினா அக்காவுக்கு,

எழுந்தாயா? ஏழு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். மாமா ரயிலோடு கண்ணிவெடியில் போன பிறகு கடிதம் கொண்டுபோக ஆள் இல்லை என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸிலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் வெளியேறியபோது, கிமையோவும் ஓடாமலே ஊர் திரும்பியதாகப் பத்திரிகையில் படித்தேன். அன்று உனக்கு எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

அம்மா இறந்த செய்தி வேறு யார் மூலமாவது உனக்கு வந்திருக்கும். கடைசி நாட்களில் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கப் போனால் என்னை "எரினா" என்றுதான் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. "என்னம்மா" என்றேன்.

இப்போது நாடு விடுதலையாகி, பெயரோடு கொடியும் மாறிவிட்டது. அத்தானின் அண்ணன், 'இனியாவது தம்பியை வீட்டுக்குக் கூட்டி வருவோம்' என்று கேழ்வரகுக் கள்ளுக்கு ஏற்பாடு செய்தார். கல்லறை மண்ணுக்காக என்னைத் தலைநகர்ச் சிறைக்கு அனுப்பினார். வாசலில் நம் இனத்துப் பையன் ஒருவன் காவல் நின்றான்.

"அந்த வருஷத்து ஆளுங்கள எங்க பொதைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாதுண்ணே. தெரிஞ்சவங்க எல்லாம் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிட்டாங்க," என்றான். நான் நகரவில்லை. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, "வாசல் மண்ணுக்கு யாரு கணக்கு வெச்சிருக்கா? எடுத்துக்குங்க," என்றான்.

மண்ணைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டினேன். அதைச் சுமக்கும்போது யாரிடமும் பேசக் கூடாது. பஸ் நிலையத்தில் நின்றபோது, அத்தான் பஸ்ஸில் வர மாட்டார் என்று திடீரென்று தோன்றியது. செருப்பைக் கழற்றினேன். ஓட ஆரம்பித்தேன்.

எட்டு வருஷமாக ஓடாத உடம்பு. நார்ட்டனில் வாந்தி எடுத்தேன். ஹார்ட்லிக்கு முன்னால் லாரியை நிறுத்திய வெள்ளைக்கார விவசாயி ஒருவர், "எங்கடா ஓடுற? போர் முடிஞ்சுபோச்சு!" என்று கத்தினார். பதில் சொல்ல முடியாது. சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் கூட ஓடி வந்தார்கள். அவர்கள் நின்ற பிறகு பின்னால் காது கொடுத்தேன். எதுவும் இல்லை. சிறை வாசலில் வெறும் புழுதியைத்தான் அள்ளினேனோ என்று இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். எங்கோ ஓரிடத்தில் விழுந்து படுத்தேன். விடிந்ததும் எழுந்து ஓடினேன்.

கட்டூமாவின் பருத்தி வயல்கள் தொடங்கும் இடத்தில்தான் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் தேய்த்து. பின்னால் இல்லை, அக்கா. எனக்கு முன்னால். வழி தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற வேகத்தில் போனார். இருந்த மூச்சையெல்லாம் போட்டுத் துரத்தினேன். பிடிக்க முடியவில்லை. அன்று நான் ஓடிய ஓட்டத்தை மியூனிக்கில் ஓடியிருந்தால்... போகட்டும்.

அத்தானின் அண்ணன் வீட்டில் ஆடு அறுத்தார்கள், கள் ஊற்றினார்கள், முரசு கொட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சாமு


லுசாகா
10 ஆகஸ்ட் 1980

என் தம்பி சாமுவுக்கு,

எழுந்தேன், தம்பி. உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ அம்மாவுக்கு "என்னம்மா" என்று பதில் சொன்ன இடத்தைத் தாண்டிப் போகவே வெகுநேரம் ஆனது.

மாஸ்கோவில் நம் நாடு தங்கம் வாங்கியதாமே! வானொலியில் கேட்டு வார்டே கை தட்டியது. நம் புதுப் பெயரில் முதல் தங்கம். பெண்கள் ஹாக்கி. எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நீ அதைக் கேட்டபோது என்ன செய்தாய்? நான் கை தட்டிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கே நர்ஸுகள் பற்றாக்குறை. எனக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது. மழைக்காலம் முடியட்டும், அப்புறம் ஊருக்கு வரப் பார்க்கிறேன். அம்மா இல்லாத வீட்டுக்கு என்ன முகத்தோடு வருவது என்றும் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். 'எல்லாம் நல்லபடியாக' என்று நீ எழுதினாலே எனக்குப் பயம். மியூனிக்கிலிருந்தும் அப்படித்தான் எழுதினாய், வானொலியில் கேட்ட என் குரலை மனதுக்குள் வைத்துக்கொண்டு. அவர் முன்னால் ஓடினார் என்றாய். வீட்டுக்குள் வந்தார் என்று நீ எழுதவில்லை. வந்தாரா?

எரினா


கட்டூமா
2 செப்டம்பர் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

ஹாக்கிச் செய்தி வந்தபோது கள்ளுக்கடையில் இருந்தேன். எல்லோரும் ஆடினார்கள். நானும் ஆடினேன். அவர்கள் ஓடினார்கள், ஜெயித்தார்கள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதுவே எனக்குப் போதும் என்று அப்போது தோன்றியது. மறுநாள் தோன்றவில்லை.

அத்தான் உள்ளே வரவில்லை, அக்கா.

அண்ணன் வீட்டு வேலி வரைக்கும் வந்தார். அங்கே காலடி நின்றுவிட்டது. நான் அவரைத் தாண்டி உள்ளே ஓடி, இடுப்பு மண்ணை அவிழ்த்து வைத்தேன். அண்ணன் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூக்குப்பொடி வைத்தார்கள், கள் ஊற்றினார்கள். முரசு நின்ற ஒவ்வொரு தடவையும் வேலிக்கு வெளியே அவர் காலை மாற்றிவைப்பது எனக்குக் கேட்டது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் எழுதவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். அதுவும் பாதிதான் உண்மை. நீ வந்தால் உன் முகத்தைப் பார்த்துக் கோபப்படாமல் இருக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

இப்போது தினமும் காலையில் ஓடுகிறேன். வேலியிலிருந்து என்னோடு கிளம்புகிறார். முன்னால் ஓடுகிறார், திரும்பி வருகிறார், வேலியில் நின்றுகொள்கிறார். நேற்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அவன் வீட்டுக்காரி எங்கடா? அவ கூப்பிடாம எந்த ஆம்பள உள்ள வருவான்?" என்றார்.

அக்கா, கோபம் இருந்தால் இருக்கட்டும். அதை இரண்டு பேரும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்வோம். நீ வந்து அவரைக் கூப்பிடு.

சாமு


லுசாகா
15 செப்டம்பர் 1980

சாமு,

எழுந்துவிட்டேன். வார்டில் சொல்லிவிட்டேன். பெட்டி கட்டியாயிற்று. சிருண்டு எல்லைப் பாலம் வழியாக வரும் பஸ்ஸில் இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, வழி மறந்திருக்கும். நீ நிலையத்துக்கு வந்து நில். என்னைப் பார்த்ததும் என்ன திட்டத் தோன்றுகிறதோ அதை அங்கேயே திட்டிவிடு. அப்புறம் பையை வாங்கிக்கொள்.

அதுவரைக்கும் அவரை வேலி ஓரமாக எங்காவது உட்காரச் சொல். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்க அவரால் முடியாது.

எரினா